நெடுநாள் நின்ற பைக்கின் பிரேக்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

பல ஆண்டுகள் ஓடாமல் கொட்டகையிலோ மாடிப்படிக்கு அடியிலோ நின்ற பைக்கை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் எஞ்சினில் தொடங்கி, கார்புரேட்டர், பேட்டரி, டயர் என்று வரிசையாக வந்து, கடைசியில் பிரேக்குக்குப் புதிய பேடும் (டிஸ்க்கைக் கவ்வும் கட்டை) ஷூவும் (டிரம்மை உள்ளிருந்து உரசும் வளைவு) போட்டுவிட்டு வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். ஓடித் தேய்ந்த வண்டிக்கு அது போதும். நின்று கெட்ட வண்டிக்குப் போதாது. நிற்கும் வண்டியில் பேடு தேய்வதில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கிறது, ரப்பர் இறுகி வெடிக்கிறது, டிரம்மில் ஷூக்களை விரிக்கும் கேம் தன் துளையிலேயே துருவால் ஒட்டிக்கொள்கிறது. இவை எல்லாம் கழற்றாமல் கண்ணில் படாத இடங்கள். எனவே லீவரிலும் பெடலிலும் காலிலும் கையிலும் தெரியும் அறிகுறியை வைத்துப் பழுது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டறிவதே இங்கு முதல் வேலை.

1999இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001இல் பஜாஜ் பல்சர் என்று 150 சிசி வகை வண்டிகள் வரத் தொடங்கிய காலத்திலிருந்து நம் சாலைகளில் பரவலான அமைப்பு, முன்னால் ஆயிலால் இயங்கும் டிஸ்க்கும் பின்னால் கம்பியால் இயங்கும் டிரம்மும் ஆகும். அந்த அமைப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இரு சக்கரத்திலும் டிரம் உள்ள ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் போன்றவற்றுக்கு டிரம் பற்றிய பகுதி பொருந்தும்.

கழற்றும் முன்

நம் ஊர்ப் பட்டறைகளில் எதையும் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவுவது வழக்கம். டிஸ்க் பிரேக்கின் ரப்பர் பாகங்களுக்கு அந்தப் பழக்கம் நஞ்சு. பெட்ரோலிய எண்ணெய் எதுவாக இருந்தாலும், சாதாரண கிரீஸ் உட்பட, அந்த ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். ஊதிய சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பிஸ்டனை இறுக்கிப் பிடிக்கும். மாஸ்டர் சிலிண்டரையும் (லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் பாகம்) கேலிப்பரையும் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) ஸ்பிரிட்டிலோ புதிய பிரேக் ஆயிலிலோ மட்டுமே கழுவ வேண்டும். இந்த ஒரு விதியை மீறிச் செய்த வேலையை எத்தனை புதிய பாகம் போட்டாலும் காப்பாற்ற முடியாது.

பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். டேங்க்கின் மேல் பழைய துணியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்; சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஒருபோதும் வாயாலோ கம்ப்ரசராலோ ஊதக் கூடாது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங், பழையதாக இருந்தால் அதில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் இழை நுரையீரலில் தங்கினால் பல பத்தாண்டுகள் கழித்தும் நோயைத் தரும். முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுவதே சரி.

முன் லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை வருகிறது

முதலில் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். அதில் ஆயில் வற்றி, அடியில் பழுப்பு நிறப் பிசின் மட்டும் இருக்குமானால், ஆயில் ஊற்றி லீவரை அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஓடிய காலத்தில் பிஸ்டன் சென்று வந்த பகுதி வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய சிலிண்டர்ச் சுவரில் அரிப்பு ஏறியிருக்கும். லீவரை முழு வீச்சில் இழுத்தால் உள்ளே உள்ள ரப்பர்க் கப் அந்த அரித்த பகுதியில் உரசிக் கிழியும். நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்காமல் ஆயில் மாற்றுவதை நான் ஏற்பதில்லை.

லீவர் முனையில் உள்ள தூசி உறையை நீக்கினால் ஒரு சர்க்லிப் (பூட்டு வளையம்) தெரியும். அதை எடுத்ததும் பிஸ்டன், இரண்டு ரப்பர்க் கப்கள், ஸ்பிரிங் என்று வரிசையாக வெளியே வரும். வரும் வரிசையையும் கப்களின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கறை மட்டும் இருந்தால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதிய கிட் (பிஸ்டன், கப், ஸ்பிரிங் அடங்கிய தொகுப்பு) போடலாம். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிவிடுவதுதான் பாதுகாப்பு. புதியது வாங்கும்போது பழையதன் உடலில் பொறித்துள்ள உள்விட்ட அளவைப் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். விட்டம் மாறினால் லீவரின் பிடிப்பும் பயண தூரமும் மாறிவிடும்.

லீவர் பஞ்சு போல அமுங்குகிறது. இரண்டு மூன்று முறை அடித்தால் மேலே வருகிறது

இது பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்று. பிரேக் ஆயில் அழுத்தத்தில் சுருங்காது. காற்றுக் குமிழி சுருங்கும். காற்று எடுக்கும் முறை பலருக்கும் தெரிந்ததுதான்: கேலிப்பரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, மறுமுனையைப் புதிய ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்தி, லீவரை மெல்ல இழுத்துப் பிடித்து, நிப்பிளைத் திறந்து, லீவர் கீழே வந்ததும் நிப்பிளை மூடி, அதன் பிறகே லீவரை விட வேண்டும். கிண்ணத்தில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முழுவதும் காலியான அமைப்பில் இந்த முறை பொறுமையைச் சோதிக்கும். அப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சில் புதிய ஆயிலை நிரப்பி, கீழே நிப்பிள் வழியாக மெல்லத் தள்ளினால், மேலே ஏறுவது குமிழியின் இயல்பு என்பதால் காற்று எளிதில் கிண்ணத்தின் வழியே வெளியேறும். கிண்ணம் நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் சிலிண்டரை விட்டு, கேலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயான ஹோஸ் கிளம்பும் இடத்தில் உள்ள போல்ட்டில் ஒரு சிறு குமிழி தங்கிவிடுவது மிகவும் சாதாரணம். ஹேண்டில்பாரைத் திருப்பி அந்த இடம் உயரமாக வரும்படி வைத்து, ஹோஸைத் தட்டி, லீவரை ரப்பர் பட்டையால் இரவு முழுவதும் கட்டிவைத்தால் காலையில் லீவர் இறுகியிருக்கும்.

காற்று முற்றிலும் போன பிறகும் அமுங்கினால் ஹோஸைச் சந்தேகிக்க வேண்டும். ஒருவர் லீவரை அழுத்தும்போது மற்றொருவர் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தால் அது உப்புவது தெரியும். வளைவுகளில் மேல் ரப்பரில் வெடிப்பு இருந்தால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. ஹோஸ் மாற்றும்போது இணைப்பின் இருபுறமும் உள்ள செம்பு வாஷர்களையும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அடைக்காது.

ஊற்ற வேண்டிய ஆயில் எது என்பது கிண்ணத்தின் மூடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை இறங்கலாம். மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஈரமேறிய ஆயில் கொதித்து ஆவியானால், சற்று முன்வரை நன்றாக இருந்த லீவர் ஒரே கணத்தில் தொய்ந்துவிடும். திறந்து பல மாதம் வைத்த பாட்டிலை இதனால்தான் பயன்படுத்தக் கூடாது. டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. எண் பெரிதாக இருக்கிறது என்று அதை இவற்றுடன் கலந்துவிடாதீர்கள். டாட் 5.1 வேறு, அது டாட் 4இன் இனத்தைச் சேர்ந்தது.

பிரேக்கை விட்ட பின்னும் முன்சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கிறது

நின்ற வண்டிகளில் அதிகம் வரும் கோளாறும், அதிகம் தவறாகக் கணிக்கப்படும் கோளாறும் இதுவே. பேடு மாற்றுவதும், பிஸ்டனை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள்ளே தள்ளுவதும் நோயை ஒரு வாரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். காரணங்கள் நான்கு இடங்களில் இருக்கலாம்: மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், கேலிப்பர் பிஸ்டன், கேலிப்பர் நகரும் பின்கள். எந்த இடம் என்பதைப் பாகம் எதையும் மாற்றாமலேயே கண்டுபிடிக்க முடியும்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கிவைத்து, லீவரை நன்றாகப் பிடித்து விடுங்கள். சக்கரம் பிடித்திருக்கும் நிலையிலேயே கேலிப்பர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி வெளியே வந்து சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். கேலிப்பர் குற்றவாளி அல்ல. திறந்தும் சக்கரம் விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ பின்களோ ஒட்டியிருக்கின்றன. முதல் வகையாக இருந்தால், நிப்பிளை மூடி, மீண்டும் லீவரைப் பிடித்து விட்டு, இம்முறை மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணி சுற்றித் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் பழுது மாஸ்டர் சிலிண்டரில். விடுபடவில்லை என்றால் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்து, ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. வெளியில் புதிதுபோல் தோன்றும் ஹோஸுக்கும் இது நேரும். இந்தச் சோதனை முடிந்ததும் போல்ட்டை இறுக்கி, சிந்திய ஆயிலைக் கழுவி, காற்று எடுத்தாக வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரில் என்ன பழுது? கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது எளிதில் தெரியும். சிறியது ஊசிமுனை அளவே இருப்பதால் பிசின் மூடியிருந்தால் அது இருப்பதே தெரியாது. லீவரை விட்ட பின் சூடேறி விரிவடையும் ஆயில் கிண்ணத்துக்குத் திரும்பும் வழி அந்தச் சிறு துளைதான். அது அடைபட்டால், புறப்படும்போது சரியாக இருக்கும் பிரேக் சில கிலோமீட்டரில் தானாக இறுகி, வண்டி நின்று ஆறியதும் தானாக விடும். மூடியைத் திறந்து லீவரை மிக மெல்ல அசைத்தால், பயணத்தின் தொடக்கத்தில் ஆயிலின் மேற்பரப்பில் ஒரு சிறு ஊற்று எழ வேண்டும். எழவில்லையானால் மின் ஒயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையால் துளையைத் திறக்கலாம். ட்ரில் முனையால் பெரிதாக்கக் கூடாது. துளை திறந்திருந்தும் இதே அறிகுறி இருந்தால் லீவரைப் பாருங்கள். பொருந்தாத லீவர் போட்டிருந்தால் அது பிஸ்டனைச் சற்றே அழுத்தியபடியே நின்று, துளையைக் கப்பால் மூடிவைத்திருக்கும்.

இனி கேலிப்பர். பிஸ்டனைத் திரும்ப இழுக்க அதனுள் ஸ்பிரிங் ஏதும் இல்லை. சதுர வெட்டு கொண்ட ரப்பர் சீல் பிஸ்டன் நகரும்போது சற்றே முறுகி, அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்கு வந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னிழுக்கிறது. அந்தச் சீல் உட்காரும் பள்ளத்தின் அடியில் அலுமினியம் அரித்து வெள்ளைச் சுண்ணாம்பு போல் படியும். அது சீலைப் பின்னாலிருந்து பிஸ்டன் மேல் தள்ளும். சீலை மட்டும் மாற்றி, பள்ளத்தைச் சுரண்டாமல் விட்டால் பழுது அப்படியே இருக்கும். பழைய பைக் பிரேக்குகளில் செய்யப்படும் அரைகுறை வேலைகளில் முதன்மையானது இதுதான் என்பது என் கருத்து.

பிஸ்டனை வெளியே எடுக்க ஹோஸைக் கழற்றும் முன்பே லீவரை அடித்து அதைத் தள்ளிவிடுவது எளிது. மறந்து கழற்றிவிட்டால் காற்றழுத்தம்தான் வழி. அப்போது கேலிப்பரின் வாயில் மரக்கட்டை வைத்து, விரல்களை முற்றிலும் விலக்கி, மிகக் குறைந்த அழுத்தம் கொடுக்க வேண்டும். விரலை நசுக்கும் வேகத்தில் பிஸ்டன் வெளிவரும். வந்த பிஸ்டனில் சீல் தொடும் பகுதியில் குழியோ மேல்பூச்சு உரிந்த இடமோ இருந்தால் மாற்றுங்கள். சீல் பள்ளத்தை மூங்கில் குச்சியாலோ பித்தளைக் கம்பியாலோ கீறல் விழாமல் சுத்தம் செய்து, புதிய சீல்களைப் பிரேக் ஆயிலில் நனைத்து உட்கார வைத்த பின், பிஸ்டன் கட்டைவிரல் அழுத்தத்திலேயே நேராக உள்ளே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஏதோ தவறாக இருக்கிறது. கழற்றி மீண்டும் பாருங்கள்.

ஒரு பக்கப் பேடு தேய்ந்து மறுபக்கம் புதிதாக இருந்தால் காரணம் பின்கள். கேலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் இந்தப் பின்களை உப்புத்தாளால் துரு போக்கி, சிலிக்கோன் கிரீஸ் தடவி, ரப்பர் உறைகள் கிழியாமல் மாட்ட வேண்டும்.

லீவர் கல்லாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்பதில்லை

பிஸ்டன் முழுவதும் ஒட்டியிருக்கலாம். அதற்கு மேலே சொன்னதே மருந்து. பிஸ்டன் நகர்கிறது என்றால் பேடு கண்ணாடிபோல் பளபளக்கிறதா, எண்ணெய் குடித்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர் வாஷ் முடிந்ததும் வண்டி மின்ன வேண்டும் என்று டீசலோ பழைய ஆயிலோ தெளிப்பவர்கள் உண்டு. அந்தத் துளிகள் டிஸ்க்கில் விழுந்தால் பேடு அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் குடித்த பேடை நெருப்பில் காட்டி மீட்க முயல்வது வீண், மாற்றிவிடுங்கள். டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். மேலாகப் படிந்த துரு சில முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். குழி விழுந்த துரு புதிய பேடைத் தின்னும்.

பிரேக் பிடிக்கும்போது லீவரோ பெடலோ துடிக்கிறது

முன்னால் என்றால் டிஸ்க் வளைந்திருக்கலாம், அல்லது நீண்ட நாள் ஒரே இடத்தில் பேடு ஒட்டியிருந்த தடம் இருக்கலாம். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்து அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 0.3 மில்லிமீட்டர் வரை ஆட்டம் ஏற்கத்தக்கது. குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்; அதற்குக் கீழே போன டிஸ்க்கை வைத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் என்றால் டிரம் வட்டம் இழந்திருக்கிறது. ஸ்போக் சக்கரங்களில் ஸ்போக்கைச் சமமில்லாமல் முறுக்கினாலும் இது நேரும் என்பதால் அதை முதலில் சரிசெய்த பிறகே லேத்தில் கடைவது பற்றி யோசிக்க வேண்டும்.

பின் பெடல் ஆழமாகப் போகிறது, பிடிப்பும் குறைவு

கம்பியின் முனையில் உள்ள நட்டை முறுக்கிக்கொண்டே போகும் முன், டிரம் தட்டின் வெளியே கேமைத் திருப்பும் கையைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும் கணத்தில் அந்தக் கையும் கம்பியும் ஏறத்தாழச் செங்கோணத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் இழுவை முழுமையாகக் கிடைக்கும். லைனிங் தேய்ந்ததை மறைக்க, அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருப்பதைப் பழைய வண்டிகளில் அடிக்கடி காணலாம். இது ஆபத்தான தந்திரம். லைனிங் மேலும் தேய்ந்தால் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, ஷூக்களை விரித்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். கேமின் முனையிலும் கையிலும் உள்ள புள்ளிகள் நேராக வரும்படி மாட்டுவதே முறை.

உள்ளே, லைனிங்கின் தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலோ, ஷூவிலிருந்து பசை விட்டு ஓரம் தூக்கியிருந்தாலோ மாற்ற வேண்டும். நின்ற வண்டியில் தடிமன் முழுதாக இருந்தும் துரு ஏறிப் பசை விட்டிருப்பதுண்டு. ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். டிரம்மின் உள்விட்ட உச்ச அளவு ஹப்பில் பொறித்திருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம்முக்கு அது வழக்கமாக 131. டிரம்மில் கிரீஸ் படிந்திருந்தால் பேரிங்கின் ஆயில் சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

புதிய ஷூ உடனே முழுவதும் டிரம்மைத் தொடாது. லைனிங் மேல் சாக்பீஸ் பூசி, சக்கரத்தைச் சுற்றிப் பிரேக்கை லேசாகத் தொட்டுத் திறந்தால், சாக்பீஸ் அழிந்த இடம் மேடு. அதை உப்புத்தாளால் தேய்த்துக் குறைக்கலாம். ஆக்சில் நட்டை இறுதியாக இறுக்கும்போது பெடலை அழுத்திப் பிடித்திருந்தால் ஷூக்கள் நடுமையத்தில் அமரும். இந்த எளிய செயலைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முன் டிரம்மில் இரண்டு கேம் உள்ள புல்லட்களில் இன்னொரு வேலை உண்டு. இரு கைகளையும் இணைக்கும் சிறு கம்பியைக் கழற்றி, இரு ஷூக்களும் தனித்தனியே டிரம்மைத் தொடும் நிலையில் வைத்து, அந்த இடைவெளிக்கு ஏற்றபடி கம்பியின் நீளத்தைச் சரிசெய்து மாட்ட வேண்டும். இல்லையேல் ஒரு ஷூ மட்டுமே உழைக்கும்.

பின் பிரேக் திரும்ப வருவதில்லை, அல்லது திடீரெனப் பூட்டுகிறது

திரும்ப வராததற்குக் காரணம் பெரும்பாலும் கேமின் தண்டு. அதை வெளியே தட்டி எடுத்து, தண்டையும் துளையையும் துரு போக்கி, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவுங்கள்; அதிகமானால் உருகி லைனிங்குக்குப் போகும். தொய்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றுங்கள். பெடலின் அச்சு துருப்பிடித்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால் அதையும் கழற்றிக் கிரீஸ் இடுங்கள்.

திடீரெனப் பூட்டுவது வேறு. டிரம் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டை ஒன்று ஸ்விங்ஆர்மோடு இணைந்திருக்கும். அதன் நட்டோ, நட்டைக் காக்கும் பிளவுப் பின்னோ இல்லாமல் ஓடும் வண்டிகள் ஏராளம். பிரேக் பிடிக்கும்போது பட்டை கழன்றால் தட்டு சுற்றி, கம்பியை முறுக்கி, சக்கரத்தை நிறுத்திவிடும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குக் கட்டாயமான ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) இவ்வண்டிகளில் இல்லை. அது இருந்திருந்தாலும் இந்தப் பூட்டை விடுவிக்காது. ஐந்து ரூபாய் பின்னுக்காக எவரும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

கிறீச்சிடும் சத்தம்

பேடின் பின்தகட்டில் சூடு தாங்கும் கிரீஸ், பேடின் ஓரங்களில் சிறு சரிவு, டிரம்மில் தூசி நீக்கல் ஆகியவை பெரும்பாலும் போதும். இரும்பும் இரும்பும் உரசும் சத்தமாக இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

பாகங்கள் வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய கேலிப்பரின் உடலும் டிரம் தட்டும் நல்ல நிலையில் கிடைக்கலாம். அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஹோஸ், சீல், பேடு ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள்.

சாலைக்கு இறங்கும் முன்

லீவரை முழு பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அது மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு உண்டு. ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். பிறகு எஞ்சின் இல்லாமல் தள்ளி, முன்பின் பிரேக்குகளைத் தனித்தனியே பிடித்துச் சோதியுங்கள். அதன் பிறகு காலியான இடத்தில் நடைவேகத்தில். இரண்டும் சரியாக இருந்தால் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, இடைவெளி விட்டு இருபது முப்பது முறை மிதமாகக் குறைத்துப் புதிய லைனிங்கை அமரச் செய்யுங்கள். ஐந்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு, டிஸ்க்கிலும் ஹப்பிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீறி ஆவியானால் பிரேக் இன்னும் இழுக்கிறது, மேலே சொன்ன நிப்பிள் சோதனைக்குத் திரும்ப வேண்டும்.

ஷூக்கள் அமர அமரப் பின் பெடலின் விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் பெடல் வெறுமனே நகரும் தூரம்) கூடும் என்பதால் முதல் நூறு கிலோமீட்டரில் நட்டை மீண்டும் சரிசெய்து, பெடல் முனையில் 20 முதல் 30 மில்லிமீட்டர் விடுங்கள். பிரேக் ஆயில் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிவைத்தால், இரண்டு ஆண்டு கழித்து அதை மீண்டும் மாற்ற வேண்டிய நாள் வண்டியை ஓட்டும் எவர் கண்ணிலும் படும்.